வாஸர்குப்பே: கிளைடர் சங்கங்கள் பிறந்த மலை

ஜெர்மனியின் ஹெஸ்ஸே மாநிலத்தில், ரோன் மலைத்தொடரின் மிக உயர்ந்த முகடு வாஸர்குப்பே. உயரம் 950 மீட்டர். மரங்களில்லாத புல்வெளி மலை. எத்திசையில் காற்று வீசினாலும் அதை எதிர்கொண்டு இறங்க ஒரு சரிவு கிடைக்கும். எஞ்சின் இல்லாத கிளைடரில் பறப்பது ஒரு விளையாட்டாகவும், அதற்கென்று சங்கம் கூடும் வழக்கமாகவும் உருப்பெற்றதில் இந்த மலைக்குப் பெரும் பங்கு உண்டு.

கிளைடரை முதலில் பழக்கியவருக்குச் சங்கம் தேவைப்படவில்லை. பெர்லினின் லிஷ்டர்ஃபெல்டே பகுதியில் 1894இல் மண்ணைக் குவித்து 15 மீட்டர் உயரக் குன்று ஒன்றை எழுப்பிய ஓட்டோ லிலியென்தால், இறக்கைகளைத் தோளில் மாட்டிக்கொண்டு சரிவில் ஓடித் தாவினார். ஓடுதளம், எஞ்சின் இரண்டும் அவருடைய கால்களே. ஏறக்குறைய 2,000 முறை அப்படிப் பறந்தவர், 1896இல் விழுந்து இறந்தார். அடுத்த தலைமுறையின் கிளைடர்கள் ஆள் தூக்கி ஓடக்கூடிய எடையைத் தாண்டின. ஒருவர் பறக்க வேண்டுமானால் பலர் தரையில் உழைக்க வேண்டும் என்ற நிலை வந்தது. சங்கத்துக்கான தேவை அங்கேதான் தொடங்குகிறது.

டார்ம்ஸ்டாட் மாணவர்கள் 1911 முதலே வாஸர்குப்பேக்கு வந்தார்கள். அவர்களில் ஹான்ஸ் குட்டர்முத் 1912இல் 838 மீட்டர் தூரம் பறந்தார். முதல் உலகப் போர் அந்த முயற்சியை நிறுத்தியது; போரின் முடிவே அதற்கு மறுவாழ்வும் தந்தது. 1919இன் வெர்சாய் ஒப்பந்தம் ஜெர்மனிக்கு விமானப்படை கூடாது என்றது, விமானத் தயாரிப்பையும் முடக்கியது. எஞ்சின் இல்லாததைத் தடுக்க அதில் இடமில்லை. ‘ஃப்ளுக்ஸ்போர்ட்’ இதழாசிரியர் ஓஸ்கர் உர்சினுஸ் 1920 கோடையில் முதல் ரோன் போட்டிக்கு அழைப்பு விடுத்தார். அதில் ஆஹன் நகரின் வொல்ஃப்காங் கிளெம்பெரர் 1,830 மீட்டரை 2 நிமிடம் 22 விநாடியில் கடந்தார். இரண்டே ஆண்டுகளில் கணக்கு நிமிடத்திலிருந்து மணிக்கு மாறியது. 1922 ஆகஸ்டில் ஹனோவர் மாணவர்களின் ‘வாம்பியர்’ கிளைடரில் மார்ட்டென்ஸ் ஒரு மணி நேரத்துக்கு மேலும், அடுத்த சில நாட்களில் ஹென்ட்ஸன் மூன்று மணி நேரத்துக்கு மேலும் வானில் நின்றார்கள். மலைச்சரிவில் மோதும் காற்று மேல்நோக்கித் திரும்புகிறது. அந்த விளிம்பை விட்டு விலகாமல் இப்படியும் அப்படியும் போய்வந்தால் இறங்க வேண்டியதில்லை. அதனால் அக்காலத்தில் நல்ல நாள் என்றால் காற்று பலமாக அடிக்கும் நாள்.

அந்த நாளின் வேலை ஏறத்தாழ தேர் இழுப்பதுதான். நீண்ட ரப்பர் வடத்தின் நடுவை கிளைடரின் மூக்கிலுள்ள கொக்கியில் மாட்டுவார்கள். வடத்தின் இரு முனைகளையும் பிடித்துக்கொண்டு இரண்டு அணிகள் சரிவில் கவட்டை வடிவில் விரிந்து நிற்கும். வேறு சிலர் வாலைப் பிடித்துக்கொள்வார்கள். ‘இழு’ என்றதும் நடை, ‘ஓடு’ என்றதும் ஓட்டம், ‘விடு’ என்றதும் வாலைப் பிடித்தவர்கள் கையை எடுக்க, உண்டிவில் கல்லைப் போல கிளைடர் பாயும். பயிற்சி மாணவருக்குக் கிடைப்பது சில விநாடிகள். பிறகு பள்ளத்தில் இறங்கியதை எல்லோரும் சேர்ந்து மீண்டும் மேலே ஏற்ற வேண்டும். பொழுதெல்லாம் மலையேறி, பறந்தது ஒரு நிமிடம்கூட இல்லை என்று கணக்குப் பார்ப்பவர்களுக்கு ஏற்ற பொழுதுபோக்கல்ல இது.

1926இல் அலெக்சாண்டர் லிப்பிஷ் வடிவமைத்த, மாணாக்கன் என்று பொருள்படும் ‘ட்சோக்லிங்’ கிளைடரில் ஓர் இருக்கைதான். கற்பவர் முதல் நாளே தனியாள். ஆசிரியர் தரையிலிருந்து கத்துவார். தேர்ச்சிக்கு நீல வட்டத்தில் வெள்ளைக் கடற்பறவைகள் பொறித்த சின்னம்: முதல் நிலைக்கு ஒன்று, மூன்றாம் நிலைக்கு மூன்று.

மலையை விட்டு விலகிப் பறக்க முடியும் என்பதை முதலில் காட்டியது ஒரு விபத்து போன்ற நிகழ்ச்சி. 1926இல் மாக்ஸ் கேகலை ஓர் இடிமேகம் உறிஞ்சித் தூக்கி, 55 கிலோமீட்டர் தள்ளி இறக்கிவிட்டது. ‘இடிமழை மாக்ஸ்’ என்ற பெயர் அவருக்கு நிலைத்தது. அடுத்து வந்தது ஏறுகிறோமா இறங்குகிறோமா என்று காட்டும் வேரியோமீட்டர். அதுவரை விமானிக்கு அந்தச் செய்தியைச் சொன்னது இருக்கையில் அழுந்தும் உடம்புதான். அந்தக் கருவியை முன்கூட்டியே கையாண்ட ராபர்ட் க்ரோன்ஃபெல்ட் 1929இல் 100 கிலோமீட்டரைத் தாண்டினார். வெயிலில் சூடேறிய நிலத்திலிருந்து எழும் காற்றில் பருந்தைப் போல வட்டமிடும் கலை பரவியபின் நல்ல நாளின் இலக்கணமே தலைகீழானது. இப்போது வேண்டியது வெயிலும் பஞ்சு மேகமும்.

1933க்குப் பிறகு நாஜி அரசு தனிச் சங்கங்களைக் கலைத்து, எல்லாவற்றையும் ஒரே அமைப்புக்குள் அடக்கியது. சிறுவர்களின் விளையாட்டு போர் விமானிகளை உருவாக்கும் நாற்றங்கால் ஆயிற்று. 1945இல் நேச நாடுகள் விதித்த தடை மேற்கு ஜெர்மனியில் 1951 வரை நீடித்தது.

தடை நீங்கியபின் திரும்பிய சங்கங்களில் ரப்பர் வடம் பெரும்பாலும் மறைந்து, வின்ச் வந்தது. ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் கம்பிவடத்தை உருளையில் சுற்றி இழுத்து, கிளைடரை அரை நிமிடத்தில் சில நூறு மீட்டர் உயர்த்தும் இயந்திரம் அது. மாணவருக்குப் பின்னால் ஆசிரியர் அமரும் இரட்டை இருக்கையும் வழக்கமானது. ஆட்கள் குறைந்தார்கள், ஆனால் தீரவில்லை. வின்ச் ஓட்ட ஒருவர், இறக்கை நுனியைப் பிடித்துக்கொண்டு ஓட ஒருவர், நேரம் குறிக்க ஒருவர், கம்பிவடத்தைத் திரும்பக் கொண்டுவர ஒருவர் என்று காலையில் கொட்டகை திறப்பதிலிருந்து மாலையில் கிளைடர்களைக் கழுவி உள்ளே தள்ளுவது வரை பறப்பவர்களே முறை வைத்து வேலை பார்க்கிறார்கள்.

முதன்முறையாகத் தனியே மூன்று தடவை பறந்து இறங்கியவருக்கு ஜெர்மன் சங்கங்களில் ஒரு சடங்கு உண்டு. கூடியிருப்பவர்கள் வரிசையாக வந்து அவர் பின்புறத்தில் ஓங்கி ஓர் அடி வைப்பார்கள். ஏறுகாற்றை இருக்கையிலேயே உணர இது உதவுமாம். பிறகு கையில் ஒரு பூங்கொத்து. ஓடுதளத்தின் ஓரத்தில் பறித்த முட்செடிகளால் கட்டியது.