கண்டி மலைகளின் வெற்று வானம்

ஸ்ரீ வீரபராக்கிரம நரேந்திரசிங்கன் (1707–1739) அரண்மனை அமைத்து வாழ்ந்தமையால் வரலாற்றிற் பெயர்பெற்ற ஊர் குண்டசாலை. அங்கிருந்து காலைவேளையில் தும்பறை மலைத்தொடரை நோக்குவோருக்கு முகிலின் வெண்மையும் பள்ளத்தாக்கின் கருநிழலும் ஒருங்கே புலனாகும். கண்ணுக்கு எளிதான இக்காட்சி கமராவுக்கு நெடுங்காலம் அரிதாகவே இருந்தது. ஒளிமிக்க வானையும் ஒளிகுன்றிய நிலத்தையும் ஒரே படத்தில் அடக்க மனிதன் மேற்கொண்ட முயற்சிகளை அறியாது, பழைய நிழற்படங்களை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளுதல் பிழைக்கு இடமளிக்கும்.

பிரெடரிக் ஸ்கொட் ஆர்ச்சர் 1851 ஆம் ஆண்டில் ஈரத்தகட்டு முறையை வெளியிட்டார். கண்ணாடித் தகட்டிற் கொலோடியன் பூசி, வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் தோய்த்து, ஈரம் உலருமுன் படமெடுத்து, உடனேயே உருத்துலக்குதல் வேண்டும். ஆதலின் இருட்டுக் கூடாரமும் இரசாயனப் புட்டிகளும் படப்பிடிப்பாளருடன் மலையேற வேண்டியிருந்தன. 1860களின் பிற்பகுதியிற் கண்டியில் தொழில்புரிந்த யோசப் லோட்டன் இக்காலத்தவர். அநுராதபுரம், பொலனறுவை ஆகிய இடங்களின் சிதைவுகளை 1870–71 இல் அவர் எடுத்த படங்கள் இன்றும் தொல்லியலாளருக்குப் பயன்படுகின்றன.

எனினும் அத்தகட்டுக்கு ஓர் இயற்கைக் குறைபாடு இருந்தது. அது நீல ஒளியை மிகையாகவும், பச்சை, சிவப்பு ஒளிகளை மிகக் குறைவாகவுமே ஏற்றது. மரச்செறிவு பதிவதற்குத் தேவையான நேரத்துள் வானம் அளவுக்கு மீறிய ஒளி பெற்று வெறும் வெண்மையாகிவிடும். அக்காலப் படங்கள் பலவற்றில் வானம் வெறுமையாகத் தோன்றுவதன் காரணம் இதுவே.

இக்குறையைப் போக்க, பிரான்சின் குஸ்தாவ் லு கிரே 1856–57 அளவில் கடலுக்கொன்றும் வானுக்கொன்றுமாக இரு எதிர்ப்படங்களை எடுத்து ஒரே தாளில் அச்சிட்டார். பின்னர் முகில்களை மட்டும் கொண்ட எதிர்ப்படங்கள் விற்பனைக்கும் வந்தன. எனவே பழைய படமொன்றிற் காணப்படும் அழகிய முகில் அவ்விடத்து முகில்தானா என ஐயுறல் வேண்டும். வெற்று வானமோ முகிலற்ற நாளுக்குச் சான்றாகாது.

இருபதாம் நூற்றாண்டில் எல்லா நிறங்களுக்கும் வினைப்படும் பிலிமும் செவ்வடிகட்டியும் வானின் வெண்மையைக் குறைக்க உதவின. அமெரிக்கரான அன்சல் அடம்ஸ் முதலியோர் 1940 அளவில் கருமை முதல் வெண்மை வரையுள்ள ஒளிப்படிகளை வகுத்து முன்கூட்டியே திட்டமிடும் முறையை உருவாக்கினர். 1990களில் கணினி இப்பணியை ஏற்றது. ஒரே காட்சியை வெவ்வேறு ஒளியளவுகளிற் பலமுறை எடுத்து இணைத்து, அதன் பரந்த ஒளிவீச்சைத் தாளுக்கேற்பச் சுருக்கும் முறையை மான், பிக்கார்ட் ஆகியோர் 1995 இலும், டெபெவெக், மாலிக் ஆகியோர் 1997 இலும் விளக்கினர். இதுவே உயர் ஒளிவீச்சு முறை. நிறமற்ற படத்தில் ஒளி வேறுபாடே அனைத்துமாதலின், கறுப்பு வெள்ளை நிலக்காட்சிக்கு இம்முறை பெரிதும் பொருந்துவதாயிற்று.

ஆயின் பழைய வினா தீரவில்லை. தும்பறை மலையை இம்முறையில் மூன்று முறை படமெடுப்பதற்குள் மூடுபனி நகர்ந்துவிடும். இணைத்த படம் காட்டும் கணம் ஒருபோதும் நிகழாததாக இருக்கலாம். அதனாற் படம் பொய்யாகிவிடாது. கண்ணும் வானிலிருந்து பள்ளத்தாக்குக்கு இறங்குகையில் தன்னை ஒளிக்கேற்ப மாற்றிக்கொண்டே காண்கிறது. ஆனால் படம் எவ்வாறு ஆக்கப்பட்டதென்ற குறிப்பு அதனுடன் பேணப்படல் வேண்டும். அக்குறிப்பு இல்லாதவிடத்து, பழைய வானங்களின் முன் இன்றைய ஆய்வாளர் தடுமாறுவது போலவே, நம் காலத்துப் படங்களின் முன் நாளைய ஆய்வாளரும் தடுமாறுவர்.