மூன்றாம் தரப்பு என்பது யார்?

கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள். வீட்டில் மோட்டார் சைக்கிள் ஓடுகிற பிள்ளை இருந்தால் கட்டாயம் வாசியுங்கள்.

என் வகுப்பில் ஒரு பையன் இருக்கிறான். அவனுடைய வாப்பா பழைய இரும்பு வியாபாரம் செய்தவர். ஏ9 வீதியில் ஒரு வான் மோதி மௌத்தானார். மூன்றாம் நாள் வான்காரரின் ஆட்கள் வந்தார்கள். நல்ல மனிதர்கள், அழுதார்கள். ஒரு தொகை கொடுத்தார்கள். "அல்லாஹ்வின் கத்ரு, யாரையும் குறை சொல்லி என்ன" என்று முற்றத்தில் இருந்த பெரியவர்கள் சொன்னார்கள். "இத்துடன் எல்லாம் முடிந்தது" என்று எழுதிய ஒரு தாள், இத்தாவில் இருந்த தாயிடம் அறைக்குள் போய் ஒப்பத்தோடு திரும்பி வந்தது. அந்த முற்றத்தில் நானும் இருந்தேன். நானும் தலையாட்டினேன்.

இரண்டரை வருடத்துக்குப் பிறகு அந்தத் தாய் பாடசாலைக்கு வந்தார். மகனை ஓ.எல். பரீட்சையோடு நிறுத்தி வேலைக்கு அனுப்பப் போவதாகச் சொல்ல வந்தவர், போகிற நேரம் ஒரு கேள்வி கேட்டார். "சேர், அந்த வானுக்கு இன்சூரன்ஸ் இருந்திருக்கும்தானே? அதில எங்களுக்கு ஒண்டும் இல்லையா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. தெரிந்த ஒரு சட்டத்தரணியிடம் கேட்டேன். அவர் தாளைப் பார்த்தார், திகதியைப் பார்த்தார், ஒன்றும் பேசாமல் திருப்பித் தந்தார். அதன் பிறகுதான் இதையெல்லாம் தேடி வாசிக்கத் தொடங்கினேன். அந்தத் தாயின் சம்மதத்தோடு, ஆளை அடையாளம் தெரியாதபடி எழுதுகிறேன்.

முதலில் நம்முடைய மார்க்கத்தில் இருந்தே தொடங்குவோம்.

"கத்ரு" என்று சொல்லி விட்டுவிடும் நாம், சூரத்துன் நிஸாவின் 92ஆம் வசனத்தை மறந்து விடுகிறோம். தவறுதலாக ஓர் உயிர் போனாலும் இறந்தவரின் குடும்பத்துக்கு தியத், அதாவது உயிரீட்டுத் தொகை, கொடுக்க வேண்டும் என்பது அந்த வசனத்தின் சட்டம். குடும்பத்தார் விரும்பினால் மன்னிக்கலாம். மன்னிக்கும் உரிமை குடும்பத்துக்கு, முற்றத்தில் இருப்பவர்களுக்கு அல்ல. அதிலும் அநாதைப் பிள்ளைகளின் பங்கை மற்றவர்கள் விட்டுக்கொடுக்க முடியுமா என்று உங்கள் மவுலவியிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

தியத்தை யார் கட்டுவது? தவறு செய்தவன் ஏழையாக இருந்தால்? அன்றைய அரபுச் சமூகத்தில் இருந்த ஒரு வழக்கத்தை இஸ்லாம் ஏற்று ஒழுங்குபடுத்தியது. தவறுதலாக நடந்த கொலைக்குரிய தியத்தை, செய்தவனுடைய தந்தைவழி உறவினர் எல்லோரும் பங்கு போட்டுக் கட்டினார்கள். அந்தக் கூட்டத்துக்கு ஆகிலா என்று பெயர். மதீனாவில் நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் எழுதிய உடன்படிக்கையிலும் ஒவ்வொரு கூட்டத்தாரும் தங்கள் உயிரீட்டைச் சேர்ந்து கட்டுவது பற்றி இருக்கிறது. ஒருவன் செய்த பிழையின் சுமையைப் பலர் சேர்ந்து தாங்குவதால் பாதிக்கப்பட்டவன் வெறுங்கையோடு போவதில்லை. காப்புறுதியின் அடிப்படை எண்ணமும் இதுதான். இன்றைய தகாபுல் பற்றி எழுதும் அறிஞர்கள் ஆகிலாவை எடுத்துக்காட்டுவது இதனால்தான்.

ஆனால் யாழ்ப்பாணத்தில் ஒருவர் வாகனம் மோதி இறந்தால் எந்தச் சட்டம் பேசும்? தேசவழமையா? முஸ்லிம் சட்டமா? இரண்டும் இல்லை.

தேசவழமையை ஒல்லாந்தர் 1707இல் தொகுத்தார்கள். ஆங்கிலேயர் 1806இல் அதற்குச் சட்ட வலு கொடுத்தார்கள். அதே 1806இல்தான் முகம்மதியர் சட்டக்கோவையும் வந்தது. இரண்டும் பெரும்பாலும் சொத்து, திருமணம், வாரிசுரிமை பற்றியவை. ஒருவர் கவலையீனத்தால் இன்னொருவருக்கு நட்டம் வந்தால் என்ன செய்வது என்பதற்கு, தமிழர், முஸ்லிம், சிங்களவர் எல்லோருக்கும் ஒரே சட்டம்தான். அது 1658இல் யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்த ஒல்லாந்தர் கொண்டுவந்த ரோமன் டச்சுச் சட்டம். ஆங்கிலேயர் 1799 செப்டெம்பர் 23ஆம் திகதிப் பிரகடனத்தால் அதைத் தொடர விட்டார்கள். ஒல்லாந்தின் சொந்த நாட்டில்கூட அந்தப் பழைய சட்டம் இன்று வழக்கில் இல்லை. இங்கே மாவட்ட நீதிமன்றத்தில் இருக்கிறது.

அதன் வேர் கி.மு. 3ஆம் நூற்றாண்டில் ரோமில் வந்த அக்குவிலியச் சட்டம். அடுத்தவனுடைய அடிமையையோ மாட்டையோ கொன்றவன் ஈடு கட்ட வேண்டும் என்று தொடங்கிய சட்டம் அது. சுதந்திர மனிதனின் உடலுக்கு விலை போட முடியாது என்பது ரோமருடைய கொள்கை. கேட்க உயர்வாக இருக்கிறது. ஆனால் அதன் விளைவு, உழைப்பாளி இறந்தால் மனைவிக்கு ஒன்றுமில்லை என்பதுதான்.

ஒல்லாந்தில் இது மாறியது. அங்கே பழைய ஜெர்மானிய வழக்கப்படி கொன்றவன் பக்கத்தார் இறந்தவன் பக்கத்தாருக்குச் சமாதானப் பணம் கொடுப்பது உண்டு. நம்முடைய தியத் போல ஒன்று. அந்த வழக்கம் ரோமச் சட்டத்தோடு கலந்தது. இறந்தவரின் உழைப்பை நம்பி இருந்த மனைவியும் பிள்ளைகளும் இழந்த பராமரிப்புக்கு ஈடு கேட்கலாம் என்று ஹியூகோ குரோசியஸ் எழுதி வைத்தார். அவர் தன்னுடைய ஒல்லாந்துச் சட்ட நூலை எழுதியது லோவெஸ்டைன் கோட்டைச் சிறையில் இருந்தபோது. நாளை நம் ஊர் விதவை ஒருவர் நீதிமன்றத்தில் கேட்கப்போகும் உரிமை அந்த வழியாக வந்தது.

அந்த உரிமையில் ஒரு நிபந்தனை உண்டு. பிழையை நிரூபிக்க வேண்டும். "பெரிய வாகனம்தான் எப்போதும் பிழை" என்று நாம் சொல்வது ஊர் வழக்கு, சட்டம் அல்ல. மோதியவர் நியாயமான கவனத்தோடு ஓடவில்லை என்று காட்ட வேண்டியது கேட்பவரின் பொறுப்பு.

அடுத்த கேள்வி, இரண்டு பக்கமும் பிழை இருந்தால் என்ன என்பது. ஆங்கில நாட்டில் 1809இல் ஒரு வழக்கு. ஒருவன் பாதைக்குக் குறுக்கே கம்பு போட்டிருந்தான். இன்னொருவன் குதிரையில் வேகமாக வந்து மோதினான். கவனமாக வந்திருந்தால் கம்பைக் கண்டிருப்பாய் என்று சொல்லி, அவனுக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. தன் பக்கம் சிறு பிழை இருந்தாலும் முழுதும் போய்விடும் என்பதே விதி. 1842இல் ஒரு கழுதையின் வழக்கு வந்தது. கால் கட்டிப் பாதையில் விடப்பட்ட கழுதையை வண்டி மோதிக் கொன்றது. கட்டி விட்டது பிழை என்றாலும், கடைசியாகத் தவிர்த்திருக்கக்கூடியவன் வண்டிக்காரன், அவனே கட்ட வேண்டும் என்றார்கள். அப்போதும் ஒருவருக்கு முழுதும், மற்றவருக்குப் பூச்சியம்தான்.

இந்த ஆங்கிலச் சிந்தனை இலங்கை நீதிமன்றங்களிலும் இருந்தது. இதை மாற்றியது 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம். அதன்படி நீதிமன்றம் பிழையைப் பங்கு பிரிக்கும். உங்கள் பக்கம் மூன்றில் ஒரு பங்கு பிழை என்றால் ஈடு அந்த அளவு குறையும், முழுதும் போகாது. ஆகவே "மகன் லைட் போடாமல் ஓடினவன், அதனால் எதுவும் கேட்க ஏலாது" என்று யாராவது சொன்னால், அது 1968க்கு முந்திய கதை என்று சொல்லுங்கள்.

இனி காப்புறுதி. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கார் பெருகியது, சாவும் பெருகியது. வழக்கில் வென்ற விதவைகள், கட்டக் காசில்லாத சாரதியின் முன்னால் தீர்ப்புத் தாளோடு நின்றார்கள். உரிமை இருந்தது, பணம் இருக்கவில்லை. நியூசிலாந்து 1928இல் கட்டாயக் காப்புறுதிச் சட்டம் செய்தது. பிரித்தானியா 1930இல் செய்தது. இலங்கையில் 1938ஆம் ஆண்டின் 45ஆம் இலக்க மோட்டார் கார் கட்டளைச் சட்டம் மூன்றாம் தரப்புக் காப்புறுதியைக் கட்டாயமாக்கியது. பிறகு 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் வந்தது. திருத்தங்களோடு இன்றும் நடைமுறையில் இருப்பது அதுதான்.

இப்போது தலைப்பில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். முதலாம் தரப்பு வாகனக்காரர். இரண்டாம் தரப்பு காப்புறுதி நிறுவனம். மூன்றாம் தரப்பு அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்தே போடாத, அவர்களுக்கு முன்பின் தெரியாத, பாதையில் போன நீங்கள்.

வாகன வரி எடுக்கப் போகும்போது காட்டத்தானே அந்த இன்சூரன்ஸ் கடுதாசி என்று நாம் நினைக்கிறோம். பொலிஸ் மறித்தால் தப்ப ஒரு தாள் என்று நினைக்கிறோம். சட்டம் அதைக் கட்டாயமாக்கியது வாகனக்காரருக்காக அல்ல. அவருடைய காரின் பம்பரை அது திருத்தித் தராது, அதற்கு முழுக் காப்புறுதி வேண்டும். மூன்றாம் தரப்புக் காப்புறுதி, அவருடைய வாகனத்தால் சாகக்கூடிய, காயப்படக்கூடிய மனிதருக்காக முன்கூட்டியே எடுத்து வைக்கப்பட்டது. வாகனக்காரருக்கு எதிராக நீதிமன்றம் தீர்ப்பளித்தால், அந்தத் தொகையை நிறுவனம் கட்ட வேண்டும் என்று அந்தச் சட்டத்தின் 105ஆம் பிரிவு சொல்கிறது. "பாவம், அந்த வான் பொடியனிடம் எங்கே காசு" என்று நாம் இரங்கினோமே, அன்று அந்தப் பொடியனின் பொக்கற்றில் கைவைக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை.

காப்புறுதி ஆகுமா, வட்டி கலந்ததா என்று சிலர் தயங்குவது தெரியும். வாகனம் வைத்திருப்பவர்களுக்கு இலங்கையில் 1999 முதல் தகாபுல் நிறுவனம் இருக்கிறது. ஆனால் மோதப்பட்டவரின் நிலை வேறு. அவர் எதையும் வாங்கவில்லை, தனக்கு வந்த இழப்புக்கு ஈடு கேட்கிறார்.

குறைகளையும் சொல்ல வேண்டும். நம் சட்டம் 2019 வரை கண்ணீருக்கு ஈடு தரவில்லை. பணத்தில் கணக்கிடக்கூடிய இழப்புக்கே தந்தது. ஒரு சிறுமியின் மரணம் தொடர்பான புகழ்பெற்ற வைத்தியக் கவலையீன வழக்கில் உயர் நீதிமன்றம் 2001இல் இதையே உறுதி செய்தது. இந்தியாவில் விபத்து ஈட்டுக்கென்று தனித் தீர்ப்பாயங்கள் இருக்கின்றன. நியூசிலாந்து 1974 முதல் யார் பிழை என்றே கேட்காமல் ஈடு கொடுக்கிறது. இங்கே மாவட்ட நீதிமன்றத்தில் வருடக்கணக்கில் ஏறி இறங்க வேண்டும். அந்த அலைச்சலுக்குப் பயந்துதான் முற்றத்திலேயே முடித்துக் கொள்கிறோம். பயம் நியாயம்தான். ஆனால் எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரிந்தாவது விட்டுக்கொடுக்க வேண்டும்.

நான் பிந்திப் படித்தவற்றை நீங்கள் முந்தித் தெரிந்துகொள்ளுங்கள்:

1. காலம். 1871ஆம் ஆண்டின் காலவிதிப்புக் கட்டளைச் சட்டப்படி நட்டஈட்டு வழக்கை இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். இத்தா முடிய நான்கு மாதம் பத்து நாள். ஒரு வருடம் துக்கத்தில் போகும். மிச்சம் இருப்பது கொஞ்சம்தான்.

2. இரண்டு வழக்கு. நீதவான் நீதிமன்றத்தில் சாரதி குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டம் கட்டியதும் "வழக்கு முடிந்தது" என்கிறோம். முடிந்தது அரசாங்கத்தின் குற்ற வழக்கு. குடும்பத்தின் நட்டஈட்டு வழக்கு வேறு, அது மாவட்ட நீதிமன்றத்தில்.

3. தாள். "முழுத் தீர்வு" என்று எழுதிய எதிலும் சட்டத்தரணி பார்க்காமல் ஒப்பமிட வேண்டாம். ஜனாஸாச் செலவுக்கு உதவி வாங்கினால், உதவி என்று மட்டும் எழுதி வாங்குங்கள்.

4. ஆதாரம். வாகன இலக்கம், காப்புறுதி நிறுவனத்தின் பெயர், பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி, மரண விசாரணை அறிக்கை, வைத்தியசாலைத் தாள்கள், இறந்தவரின் வருமானத்தைக் காட்டும் ஏதாவது ஒன்று. நம் வியாபாரிகள் பலர் கணக்கே எழுதுவதில்லை. ஒரு கொப்பியில் எழுதுங்கள், பிள்ளைகளுக்கு உதவும்.

5. அறிவித்தல். வழக்குப் போடும்போது காப்புறுதி நிறுவனத்துக்கும் உரிய காலத்தில் அறிவிக்க வேண்டும். தவறினால் நிறுவனம் கட்டாமல் தப்பலாம். சட்டத்தரணியிடம் இதை ஞாபகப்படுத்துங்கள்.

6. மோதிவிட்டு ஓடிய வாகனம். அடையாளம் தெரியாவிட்டாலும் வீதிப் பாதுகாப்புக்கான தேசிய சபை ஊடாக ஈடு பெற ஏற்பாடு உண்டு. பொலிஸ் முறைப்பாடு இல்லாமல் அங்கே போக முடியாது.

7. காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழு. யாழ்ப்பாணத்திலும் அதன் நிலையம் இருக்கிறது.

பள்ளிவாசல் நிர்வாகத்தினருக்கு ஒரு வேண்டுகோள். விபத்தில் ஒரு ஜனாஸா வந்தால் கபுறு வெட்ட ஆள் ஏற்பாடு செய்கிறோம், மூன்று நாள் சாப்பாடு ஏற்பாடு செய்கிறோம். அதோடு ஒரு சட்டத்தரணியிடம் அந்தக் குடும்பத்தை அழைத்துப் போகவும் ஒருவரை நியமியுங்கள். சமாதானம் பேச வருபவர்களோடு மரியாதையாகப் பேசுங்கள், தேநீர் கொடுங்கள். ஒப்பம் மட்டும் அன்றைக்கு வேண்டாம்.

மன்னிப்பது பெரிய நன்மை, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் தனக்கு என்ன உரிமை இருக்கிறது என்று தெரிந்தவர்தான் மன்னிக்க முடியும். அந்தத் தாய் மன்னிக்கவில்லை. அவருக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டியவர்களில் நானும் ஒருவன்.

அந்தப் பையன் இப்போதைக்குப் படிக்கிறான். சிலர் சேர்ந்து பார்க்கிறோம். அவனுடைய வாப்பாவின் மறுமைக்காகத் துஆ செய்யுங்கள். இந்தப் பதிவை உங்கள் வீட்டு வட்ஸ்அப் குழுக்களில் போட்டு வையுங்கள். தேவைப்படாமல் இருக்கட்டும், இன்ஷா அல்லாஹ்.