பேய்க்குக் கிடைத்த ‘ஏ’

“கேமராமேன் டைரக்டரானால் படம் பார்க்க அழகாக இருக்கும், கதைதான் இருக்காது” என்று கோடம்பாக்கத்தில் ஒரு பேச்சு உண்டு. பேசுகிறவர்கள் பாலு மகேந்திராவிலிருந்துதான் கணக்கை ஆரம்பிப்பார்கள். அவருக்குக் கால் நூற்றாண்டு முன்பே அந்தப் பேச்சைப் பொய்யாக்கியவர் கே.ராம்நாத்.

நிலக்கோட்டையில் பஸ் ஏறினால் அரை மணியில் வத்தலக்குண்டு. அந்த ஊர்க்காரரான ‘மணிக்கொடி’ பி.எஸ்.ராமையா, ஜெமினியின் தொடக்க காலப் படமான ‘மதனகாமராஜ’னுக்கு (1941) எழுதினார். நம் தாலுகாவின் எழுத்து நுழைந்த அதே ஸ்டுடியோவில் நாற்பதுகளில் தூணாக இருந்தவர் ராம்நாத். திருவனந்தபுரத்துக்காரர். முப்பதுகளில் வேல் பிக்சர்ஸில் கேமரா பிடித்தவர். இயக்குநர் முருகதாசா, கலை இயக்குநர் ஏ.கே.சேகர் இருவரும் அவருடைய இணைபிரியாக் கூட்டாளிகள். ‘சந்திரலேகா’ முடிவதற்குள் ஜெமினியை விட்டு வெளியேறினார்.

அதன் பிறகுதான் அவருடைய பொற்காலம். ஜூபிடருக்கு ‘கன்னியின் காதலி’ (1949). ஷேக்ஸ்பியர் கதையைத் தழுவிய அந்தப் படத்தில்தான் கண்ணதாசன் பாடலாசிரியராக அறிமுகமானார். மறு வருஷம் பட்சிராஜாவுக்கு ‘ஏழை படும் பாடு’. விக்டர் ஹியூகோவின் நாவல், சுத்தானந்த பாரதியாரின் தமிழ் வழியாகத் திரைக்கு வந்தது. நாகையா உருக்கினார் என்றால், விடாமல் துரத்தும் போலீஸ் அதிகாரி ஜாவராக வந்த சீதாராமன் மிரட்டினார். கடைசிவரை அவர் ‘ஜாவர்’ சீதாராமன்தான். ஒரு பாத்திரம் நடிகரின் பெயரோடு ஒட்டிக்கொள்கிறது என்றால், கதை இல்லாத படத்திலா அது நடக்கும்?

‘மர்மயோகி’ (1951) இன்னும் சுவாரசியம். எம்.ஜி.ஆர். கரிகாலன்; அரியணையைப் பறித்த ஊர்வசியாக அஞ்சலிதேவி. செத்துப்போனதாக நம்பப்பட்ட அரசர் செருகளத்தூர் சாமா, அரண்மனையில் ஆவியாகத் தோன்றி மறைவார். 1949 தணிக்கைச் சட்டத் திருத்தத்தில்தான் ‘யு’, ‘ஏ’ என்ற பிரிவுகளே வந்திருந்தன. பேய்க் காட்சிகளுக்காகவே ‘மர்மயோகி’க்கு ‘ஏ’ கொடுத்தார்கள். தமிழில் அந்தச் சான்றிதழ் வாங்கிய முதல் படம். வேடிக்கை என்னவென்றால், கதைப்படி அது பேயே அல்ல, அரசர் உயிரோடுதான் இருக்கிறார்! இல்லாத பேயை வெளிச்சமும் நிழலுமாகக் காட்டித் தணிக்கைக்காரர்களையே பயமுறுத்தியது கேமரா தெரிந்த இயக்குநரின் கை.

பிறகு ‘தாய் உள்ளம்’, ‘மனிதன்’, ‘சுகம் எங்கே’ என்று ஸ்டுடியோ ஸ்டுடியோவாகப் படம் எடுத்தார். 1956இல் மறைந்தபோது ஐம்பது வயதுகூட ஆகவில்லை. கேமராவிலிருந்து டைரக்‌ஷனுக்கு வந்த வின்சென்ட், கர்ணன், பாலு மகேந்திரா எல்லாரும் அவருக்குப் பின்னால் வந்தவர்கள். ‘மர்மயோகி’ கிடைத்தால் ஒருமுறை பாருங்கள். அந்த அரண்மனை இருட்டைக் கவனித்துப் பாருங்கள்.

(தொடரும்)