முழங்காலுக்குக் கீழே இல்லாதவர்கள்

பேய்க்குக் கால் தரையில் பாவாது என்று என் ஆத்தா சொல்லுவாள். ஏன் என்று கேட்டால் அடிதான் விழும். போன அக்டோபரில் அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தில் ஒரு கல்லூரிக்குப் போயிருந்தேன். அங்கே பேய்களுக்கு முழங்காலுக்குக் கீழே ஒன்றும் இல்லை என்றார்கள். ஏன் என்று கேட்டேன். பதில் வந்தது. கட்டட எஞ்சினீயரிங்!

நான் முப்பத்தொரு வருஷம் வரலாறு சொல்லிக்கொடுத்தவன். அதில் பதினோரு வருஷம் ஆண்கள் விடுதி வார்டன். ஆகவே பேய்க்கதையில் எனக்கு இரண்டு பக்கமும் பழக்கம் உண்டு. மாணவனாக இருந்து கேட்டு நடுங்கியிருக்கிறேன். வார்டனாக டார்ச்லைட்டைப் பிடித்துக்கொண்டு மாடியேறி, "ஒண்ணுமில்லடா, போய்ப் படு" என்று அதட்டியும் இருக்கிறேன். மகள் கொலம்பஸில் இருக்கிறாள். "அப்பா, உங்களுக்குத் தோதா ஒரு காலேஜ் இருக்கு. எந்தக் கட்டடத்தைத் தொட்டாலும் ஒரு பேய்" என்று சொல்லி ஒரு ஞாயிற்றுக்கிழமை காரில் ஏற்றிக்கொண்டாள். வழியெல்லாம் அறுத்து முடித்த சோளக்காடு.

ஊர் பெயர் காம்பியர், கல்லூரி பெயர் கென்யன். பிலாண்டர் சேஸ் என்ற எபிஸ்கோபல் பிஷப் 1824-இல் தொடங்கியது. மனிதர் கையில் காசில்லை. கப்பலேறி இங்கிலாந்து போய்ப் பிரபுக்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். கென்யன் பிரபு கொடுத்தார், கல்லூரிக்கு அவர் பெயர். காம்பியர் பிரபு கொடுத்தார், ஊருக்கு அவர் பெயர். ராஸ் சீமாட்டிக்கு ஒரு கட்டடம். நம்மூர்க் கோயில் டியூப்லைட்டில் உபயதாரர் பெயரைப் பார்த்து நாம் சிரிக்கிறோம். அங்கே ஊரே டியூப்லைட். இங்கே படித்த ரதர்ஃபோர்ட் ஹேய்ஸ் பின்னாளில் நாட்டின் ஜனாதிபதியானார். ஸ்வீடன் பிரதமராகிச் சுட்டுக்கொல்லப்பட்ட ஓலோஃப் பால்மே 1948-இல் இங்கே பட்டம் பெற்றவர். நடிகர் பால் நியூமன் அதற்கு அடுத்த வருஷம்.

ஊரின் நடுவே சரளைக்கல் பாதை ஒன்று நேர்கோடாக ஓடுகிறது. மிடில் பாத் என்கிறார்கள். பாதையின் தென்பகுதி தொடங்கும் இடத்தில் இரண்டு கல் தூண்கள். அதற்கு மாணவர்கள் வைத்த பெயர் நரகவாசல். நடுநிசியில் மாதாகோயில் மணி அடித்துக்கொண்டிருக்கும்போது தூண்களுக்கு நடுவே போனால் நேராக நரகம்தானாம். சேர்ந்து நடந்துவரும் சிநேகிதர்கள் ஆளுக்கொரு பக்கமாகத் தூணைச் சுற்றினால் சிநேகிதம் முறியும் என்றும் ஒரு நம்பிக்கை. நானும் மகளும் ஒரே பக்கமாகத்தான் போனோம். அவள்தான் என் கையைப் பிடித்து இழுத்தாள், நான் இல்லை.

பாதை போய் முடியும் இடத்தில் நிற்கிறது ஓல்டு கென்யன். 1827-இல் வேலை தொடங்கிய கல் கட்டடம். மேலே ஒரு கூர்கோபுரம். வெளியே கல், உள்ளே முழுக்க மரம். தளம் மரம், படிக்கட்டு மரம், அறைகளில் கணப்பு அடுப்பு. 1949 பிப்ரவரி 27, ஞாயிறு விடிகாலை. முந்தின இரவு நடன விருந்து நடந்து முடிந்து எல்லோரும் அயர்ந்து தூங்கும் நேரம். கணப்பிலிருந்து பறந்த பொறி ஒன்று சுவருக்குள் இருந்த இடைவெளியில் புகுந்து, யார் கண்ணிலும் படாமல் உள்ளுக்குள்ளேயே கனிந்துகொண்டிருந்து, பிறகு மொத்தமாகப் பற்றிக்கொண்டது. மேல்மாடி ஜன்னல்களிலிருந்து பையன்கள் குதித்தார்கள். ஒன்பது மாணவர்கள் செத்துப்போனார்கள். விடிந்தபோது வெளிச்சுவர்தான் மிச்சம்.

கல்லூரி அதே கட்டடத்தை அதே தோற்றத்தில் திரும்ப எழுப்பியது. 1950-இல் மறுபடி மாணவர்கள் குடியேறினார்கள். வெளியே நின்று பார்த்தால் வித்தியாசம் தெரியாது. உள்ளே மட்டும் மரத்துக்குப் பதில் இரும்பும் கான்கிரீட்டும். இங்கேதான் அந்த எஞ்சினீயரிங் வருகிறது. புதுத் தளங்கள் பழைய தளங்களைவிடப் பத்து அங்குலம் உயரம் என்பது கதையின் கணக்கு. இறந்தவர்களுக்குப் புதுத் தளம் தெரியாது. அவர்கள் பழைய மரப்பலகை மேலேயே நடமாடுகிறார்கள். அதனால் மாடி வராந்தாவில் போகிற உருவத்துக்குத் தலை, மார்பு, இடுப்பு, தொடை எல்லாம் தெரியும். கால் மட்டும் கான்கிரீட்டுக்குள். கீழ் அறையில் மல்லாந்து படுத்திருப்பவன் கண்ணைத் திறந்தால் மேல்தளத்திலிருந்து இரண்டு பாதம் தொங்குமாம். நள்ளிரவில் கதவைத் தட்டி "எழுந்திரு, தீ!" என்று கத்துகிற குரலும் உண்டு.

இதைச் சொன்ன மாணவிக்கு இருபது வயதிருக்கும். கையைத் தன் முழங்காலுக்குக் கீழே வைத்து, "இங்கே வரைக்கும்தான்" என்று காட்டினாள். எனக்கு உடம்பு சிலிர்த்தது. பயத்தில் இல்லை. கட்டடம் இடிந்து எழுந்த வரலாற்றைப் பத்து அங்குலத் துல்லியத்தோடு ஒரு கதை தூக்கிக்கொண்டு திரிகிறதே என்ற வாத்தியார்ச் சிலிர்ப்பு. என்னிடம் படித்தவர்களில் எத்தனை பேருக்குத் தங்கள் கல்லூரிக் கட்டடம் கட்டிய வருஷம் தெரியும்?

முழங்கால் வெட்டுப்பட்ட பேய் கென்யனுக்கு மட்டும் சொந்தமில்லை. இங்கிலாந்தின் யார்க் நகரில் ட்ரெஷரர்ஸ் ஹவுஸ் என்ற பழைய மாளிகை இருக்கிறது. 1953-இல் அதன் நிலவறையில் வேலை செய்துகொண்டிருந்த ஹாரி மார்ட்டிண்டேல் என்ற வாலிபர், சுவருக்குள்ளிருந்து ரோமானியப் படை ஒன்று வெளியே வந்ததாகச் சொன்னார். முதலில் முழங்காலுக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லையாம். தரையைத் தோண்டிவைத்திருந்த இடத்துக்கு வந்தபோதுதான் கால் தெரிந்ததாம், காரணம் ரோமானியர் போட்ட சாலை அந்தத் தரைக்குக் கீழே கிடந்தது. ஒரு கதையிலிருந்து இன்னொன்று முளைத்ததா என்று தேடுவது என் வேலையில்லை. புதுத் தரை போட்டாலும் இறந்தவர் பழைய தரையில்தான் நடப்பார் என்று இரண்டு ஊரிலும் மனசுக்குப் பட்டிருக்கிறது. அது போதும் எனக்கு.

கென்யனின் பழைய பேய் அந்தத் தீ விபத்துக்கும் முந்தியது. 1905 அக்டோபர் 28. ஸ்டூவர்ட் பியர்சன் முதலாண்டு மாணவன். டெல்டா கப்பா எப்சிலான் என்ற மாணவர் சங்கத்தில், அவர்கள் வாயில் 'டீக்', சேர இருந்தான். இந்தச் சங்கங்களில் சேர ரகசியச் சடங்குகள் உண்டு. நம்மூர் ராகிங்குக்குச் சட்டையும் டையும் மாட்டிவிட்டால் எப்படியோ அப்படி. பையனின் அப்பாவும் அதே சங்கத்து ஆள். மகன் சேர்வதைப் பார்க்க அவரே வந்திருந்தார். இருட்டியதும் கோகோசிங் ஆற்று ரயில் பாலத்தில் போய்க் காத்திரு என்று பையனை அனுப்பினார்கள். அந்த நேரத்துக்கு எந்த ரயிலும் கிடையாது. கால அட்டவணையில் இல்லாத ஒரு ரயில் வந்தது.

மாவட்ட மரண விசாரணை அதிகாரி, பையன் தண்டவாளத்தில் கட்டிப்போடப்பட்டிருந்தான் என்ற முடிவுக்கு வந்தார். கல்லூரித் தரப்பு மறுத்தது. அசதியில் தூங்கிவிட்டான் என்றது. பத்திரிகைகள் மாதக்கணக்கில் எழுதின. யாரும் தண்டனை பெறவில்லை. இன்றைக்கு எஞ்சியிருப்பது ஓல்டு கென்யனின் உச்சியில் உள்ள ஒரு வட்ட ஜன்னல். வருஷா வருஷம் அக்டோபர் 28 இரவு ஸ்டூவர்ட் அங்கே வந்து வெளியே பார்ப்பானாம்.

அந்த ஜன்னலை ரொம்ப நேரம் அண்ணாந்து பார்த்தபடி நின்றேன். வரலாற்று வாத்தியார் புத்தி சும்மா இருக்காது. கட்டினார்களா, தூங்கினானா என்பதுதான் அன்றைய கேள்வி. கதையில் அந்தக் கேள்வியைக் காணவில்லை. பையன் இருக்கிறான், தேதி இருக்கிறது, ஜன்னல் இருக்கிறது. கயிறு இல்லை. பேய்க்கதை செத்தவனைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, சாகக் காரணமானவர்களைக் கொல்லைப்புற வழியாக அனுப்பிவிடுகிறது என்று அங்கே நின்றபோது தோன்றியது. ஊருக்கே இதில் ஒரு நிம்மதி.

இன்னொன்றும் உறுத்தியது. பியர்சன் செத்து நாலே மாசத்தில், 1906 பிப்ரவரியில், அதே காம்பியரில் இருந்த ராணுவப் பள்ளி எரிந்துபோனது. மூன்று பையன்கள் இறந்தார்கள். அவர்களைப் பற்றிய கதை ஏதாவது உண்டா என்று அன்று எதிர்ப்பட்ட நாலு பேரிடம் கேட்டேன். உதட்டைப் பிதுக்கினார்கள். அந்தப் பள்ளி திரும்ப எழவில்லை. கட்டடம் இல்லாத பேய்க்கு வாழ வழியில்லை போலிருக்கிறது. இதற்கு நேர்மாறாக, நீச்சல் குளமாக இருந்து நடனக்கூடமாக மாறிய கட்டடத்தில் ஈரக் காலடி பதிந்திருக்கும் என்கிறார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பயிற்சிக்கு வந்த ராணுவ இளைஞன் ஒருவன் பலகையிலிருந்து எம்பிக் குதித்து, கூரையில் தலை மோதி இறந்தானாம். அப்படி ஒரு மரணம் நடந்ததாகக் கல்லூரிப் பதிவில் இல்லை என்றும் அதே மூச்சில் சொல்கிறார்கள். இறந்தவர்களுக்குக் கதையில்லை, கதை உள்ளவன் இறக்கவேயில்லை.

அந்த ரயில் பாதையில் இப்போது ரயில் இல்லை. தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டு சைக்கிள் பாதை போட்டிருக்கிறார்கள், பதினாலு மைல். பாலத்தில் போய் நின்றோம். கீழே கோகோசிங் முழங்கால் அளவு தண்ணீரில், கூழாங்கல் தெரிய ஓடிக்கொண்டிருந்தது. ஒரு அப்பாவும் மகனும் சைக்கிளில் எங்களைத் தாண்டிப் போனார்கள். மகன் மணியடித்துவிட்டுப் போனான். மகள் கேட்டாள், "உங்க ஹாஸ்டல்லயும் ஒரு ரூம் இருந்துச்சே, சின்ன வயசில சொல்லுவீங்களே?"

இருந்தது. மாடியில் கோடி அறை. நான் வார்டனாகி மூன்றாவது வருஷம், அந்த அறையில் இருந்த இரண்டாமாண்டுப் பையன் வெந்நீருக்காக வாளியில் ஹீட்டர் காயிலைப் போட்டவன், சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் வாளியைத் தொட்டான். சுவிட்ச் அணைந்தும் கரண்ட் நிற்கவில்லை. அந்த மாடியின் வயரிங்கை மாற்றச் சொல்லி அதற்கு முன்னாலேயே நான் எழுதிக் கொடுத்திருந்தேன். எழுதிய காகிதம் மேலே போனது, திரும்பி வரவில்லை. பையன் இறந்தபின் அதை நினைவுபடுத்தினேன். இப்போது அதைக் கிளறவேண்டாம் சார் என்றார்கள். நான் கிளறவில்லை. பையனின் அப்பா டிரங்குப் பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு போனார். கூலியாள் வைத்துத் தருகிறேன் என்றேன், வேண்டாம் என்றார்.

அடுத்த வருஷம் வந்த முதலாண்டுப் பையன்களுக்கு அவன் பெயர் தெரியாது. கோடி ரூமில் பேய் இருக்கிறது என்பது மட்டும் தெரியும். எப்படித் தெரியும் என்று கேட்டேன். "சார், ராத்திரி ரெண்டு மணிக்கு அந்த ரூம் லைட்டு தானா அணைஞ்சு தானா எரியுது சார். நாங்களே பார்த்தோம்."

நானும் பார்த்தேன். அணைந்து அணைந்துதான் எரிந்தது. போய்ப் படுங்கடா என்று சிரித்து அனுப்பினேன். சுவருக்குள் அதே வயர்தான் ஓடியது. அதை மாற்ற இன்னும் நாலு வருஷம் ஆயிற்று.