அமெரிக்க மாநிலங்களில் குடிபோதை வாகனச் சட்டங்களின் வரலாறு

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் சாலை விதிகளை வகுப்பதும், ஓட்டுநர் உரிமம் வழங்குவதும், மது அருந்தி வாகனம் ஓட்டுவோரைத் தண்டிப்பதும் மாநிலங்களின் அதிகாரத்தில் உள்ளவை. ஆகவே 50 மாநிலங்களுக்கும் தனித்தனிச் சட்டங்கள் உண்டு. ஆயினும் இன்று மது வாங்குவதற்கான குறைந்தபட்ச வயது எல்லா மாநிலங்களிலும் 21 ஆகும். ஓட்டுநரின் இரத்தத்தில் இருக்கக்கூடிய ஆல்கஹால் வரம்பும் ஒரே ஒரு மாநிலம் தவிர எங்கும் 0.08 விழுக்காடுதான். தனித்தனியே தொடங்கிய சட்டங்கள் இவ்வாறு ஒன்றுபட்டதற்கு இரண்டு முக்கியக் காரணங்கள் உள்ளன. ஒன்று, போதையை அளக்கும் கருவி. மற்றொன்று, நெடுஞ்சாலைகளுக்கு நடுவண் அரசு வழங்கிய நிதி.

தொடக்கக் காலம்

1901ஆம் ஆண்டு கனெக்டிகட் மாநிலம் மோட்டார் வாகனங்களுக்கு வேக வரம்பு விதித்தது: நகரங்களில் மணிக்கு 12 மைல், ஊர்ப்புறச் சாலைகளில் 15 மைல். 1903இல் மாசச்சூசெட்ஸ், மிசௌரி ஆகிய மாநிலங்கள் ஓட்டுநர் உரிமத்தைக் கட்டாயமாக்கின. ஆனால் அக்கால உரிமம் பெரும்பாலும் கட்டணம் செலுத்திப் பெறும் சீட்டாகவே இருந்தது. மிசௌரியில் ஓட்டுநர் தேர்வு 1952இல்தான் வந்தது. தெற்கு டகோட்டாவில் 1954 வரை உரிமமே தேவைப்படவில்லை. தேர்வு 1959இல் வந்தது.

போதையில் வாகனம் ஓட்டுவதை நியூ ஜெர்சி 1906இலும், நியூ யார்க் 1910இலும் தடை செய்தன. எவ்வளவு குடித்தால் குற்றம் என்பதை இச்சட்டங்கள் வரையறுக்கவில்லை. வாயில் வீசும் வாடை, தள்ளாடும் நடை, குழறும் பேச்சு ஆகியவற்றைக் காவலர் சாட்சியாகக் கூற, நடுவர் குழு முடிவெடுத்தது. குழுவில் இருந்தவர்களில் பலரும் மது அருந்தி வாகனம் ஓட்டுபவர்களே என்பதால் தண்டனை பெறுவது எளிதாக இருக்கவில்லை.

அளவுகோலின் வருகை

இண்டியானா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோலா ஹார்கர் 1931இல் மூச்சுக்காற்றைச் சோதிக்கும் 'டிரங்கோமீட்டர்' கருவியை உருவாக்கினார். சோதிக்கப்படுபவர் ஒரு பலூனை ஊதுவார்; அந்தக் காற்று ஒரு வேதிக் கரைசலின் நிறத்தை மாற்றும். 1939இல் இண்டியானா மாநிலம் 0.15 விழுக்காட்டைச் சட்டத்தில் எழுதியது. 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 150 மில்லிகிராம் ஆல்கஹால் என்பது இதன் பொருள். இன்று இந்தியாவில் உள்ள வரம்பு 30 மில்லிகிராம் என்பதை நோக்கினால் அக்கால வரம்பின் தளர்ச்சி விளங்கும்.

இண்டியானா காவல்துறையில் பணியாற்றிய ராபர்ட் போர்கென்ஸ்டைன் 1954இல் 'பிரெத்தலைசர்' கருவியை உருவாக்கினார். 1960களின் தொடக்கத்தில் மிச்சிகனின் கிராண்ட் ரேப்பிட்ஸ் நகரில் அவர் நடத்திய ஆய்வு, ஆல்கஹால் அளவு கூடக்கூட விபத்துக்கான வாய்ப்பு எவ்வாறு உயர்கிறது என்பதைக் காட்டியது. அதன்பின் மாநிலங்கள் படிப்படியாக 0.10க்கு இறங்கின. அந்த அளவைத் தாண்டுவதே குற்றம் என்ற விதியும் பரவியது. தள்ளாடினாரா என்ற கேள்வி பின்னுக்குப் போய், கருவி காட்டிய எண் முன்னுக்கு வந்தது.

உரிமம் என்ற பிடி

ஓட்டுநர் ஊத மறுத்தால் கருவியால் பயனில்லை. இதற்கு நியூ யார்க் 1953இல் ஒரு வழி கண்டது. பொதுச் சாலையில் வாகனம் ஓட்டுபவர் சோதனைக்கு முன்பே சம்மதித்தவராகக் கருதப்படுவார். மறுத்தால் உரிமத்தை இழப்பார். இந்த 'உட்கிடைச் சம்மதம்' பின்னர் எல்லா மாநிலங்களிலும் சட்டமானது. 1976இல் மினசோட்டா, நீதிமன்றத் தீர்ப்புக்குக் காத்திராமல் நிர்வாக ஆணையாலேயே உரிமத்தை நிறுத்திவைக்கும் முறையைத் தொடங்கியது. ஒருகாலத்தில் வெறும் கட்டணச் சீட்டாக இருந்த உரிமம் இவ்வாறு தண்டனைக் கருவியாகவும் மாறியது.

வயது வரம்பும் நிதியும்

1971இல் 26ஆவது அரசியலமைப்புத் திருத்தம் வாக்குரிமை வயதை 18ஆகக் குறைத்தது. அதையொட்டிப் பல மாநிலங்கள் மது அருந்தும் வயதையும் குறைத்தன. சில மாநிலங்கள் குறைக்கவில்லை. இதனால் இளைஞர்கள் எல்லை தாண்டிச் சென்று குடித்துவிட்டு, இரவில் வாகனம் ஓட்டித் திரும்பினர். உயிர்கள் பல போயின.

1980இல் கலிபோர்னியாவில் கேண்டி லைட்னர் என்பவரின் 13 வயது மகள், குடிபோதையில் ஒருவர் ஓட்டிவந்த கார் மோதி இறந்தாள். அந்த ஓட்டுநர் முன்பே இதே குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டவர். லைட்னர் தொடங்கிய 'குடிபோதை ஓட்டுதலுக்கு எதிரான அன்னையர்' அமைப்பு நாடெங்கும் பரவியது. 1984இல் குடியரசுத் தலைவர் ரீகன் தேசியக் குறைந்தபட்ச மது வயதுச் சட்டத்தில் கையெழுத்திட்டார். மாநிலங்களுக்கு நேரடியாக ஆணையிடாமல், 21 வயதை ஏற்காதவற்றின் நெடுஞ்சாலை நிதியில் ஒரு பகுதியை நிறுத்திவைக்க இச்சட்டம் வழி செய்தது.

19 வயதினருக்கு மென்மையான பீர் விற்க அனுமதித்திருந்த தெற்கு டகோட்டா இதை எதிர்த்து வழக்குத் தொடுத்தது. 1987இல் உச்ச நீதிமன்றம் 7-2 என்ற பெரும்பான்மையில் சட்டம் செல்லும் எனத் தீர்ப்பளித்தது. சாலை அமைக்கும் நிதிக்கும் மது வயதுக்கும் போதிய தொடர்பு இல்லை என்று நீதிபதி சான்ட்ரா டே ஓ'கானர் மாறுபட்டார். 1988இல் கடைசி மாநிலமாக வயோமிங் இணங்கியது.

இதே வழியில் 1995ஆம் ஆண்டுச் சட்டம் 21 வயதுக்குட்பட்ட ஓட்டுநர்களுக்கு 0.02 வரம்பையும், 2000ஆம் ஆண்டுச் சட்டம் பொதுவாக 0.08 வரம்பையும் கொண்டுவந்தன. 2004க்குள் எல்லா மாநிலங்களும் 0.08ஐ ஏற்றன. யூட்டா மட்டும் 2018 டிசம்பர் 30 முதல் 0.05க்கு இறங்கியது.

விளைவும் எஞ்சிய வேறுபாடுகளும்

1982இல் குடிபோதை ஓட்டுதல் தொடர்பான விபத்துகளில் சுமார் 21,000 பேர் இறந்தனர். 2010களில் இந்த எண்ணிக்கை ஆண்டுக்குச் சுமார் 10,000 ஆகக் குறைந்தது. இருக்கைப் பட்டை, பாதுகாப்பான கார்கள் ஆகியவற்றுக்கும் இதில் பங்குண்டு. ஆனால் மொத்தச் சாலை இறப்புகளில் போதையின் பங்கும் ஏறத்தாழப் பாதியிலிருந்து மூன்றில் ஒன்றுக்கும் கீழே இறங்கியதால், சட்டங்களும் மாறிய சமூக மனப்பான்மையும் பலனளித்தன என்று கொள்ளலாம்.

நிதியின் பிடி எட்டாத இடங்களில் பழைய வேறுபாடுகள் தொடர்கின்றன. சாலைத் தடுப்பு அமைத்து எல்லா ஓட்டுநர்களையும் சோதிப்பது செல்லும் என உச்ச நீதிமன்றம் 1990இல் தீர்ப்பளித்தது. அவ்வழக்கு எழுந்த மிச்சிகன் மாநிலத்தின் உச்ச நீதிமன்றமோ, தன் மாநில அரசியலமைப்பின்படி அது செல்லாது என 1993இல் கூறிவிட்டது. எண்களில் ஒன்றுபட்ட மாநிலங்கள், ஓட்டுநரை எப்போது நிறுத்திச் சோதிக்கலாம் என்பதில் இன்றும் வேறுபட்டே நிற்கின்றன.