சிமெண்டுத் தரை: காவிரி டெல்டா வீடுகளில்

சிமெண்டு, மணல், ஜல்லி ஆகியவற்றைக் கலந்து வீட்டுக்குள்ளேயே இட்டு, ஈரம் காய்வதற்குள் மேற்பரப்பைத் தேய்த்து வழவழப்பாக்கியோ, இறுகிய பின் எந்திரத்தால் மெருகேற்றியோ, காப்புப் பூச்சு பூசியோ முடிக்கப்படும் தரை சிமெண்டுத் தரை எனப்படும். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களை உள்ளடக்கிய காவிரி டெல்டாவில் இது செந்தரை, ஐ.பி.எஸ். தரை, மொசைக், மெருகிட்ட காங்கிரீட், எபாக்சி பூச்சு எனப் பல வடிவங்களில் வழங்கியுள்ளது. களிமண்ணும் காற்று ஈரமும் மிகுந்த இப்பகுதியில் ஒவ்வொரு வடிவமும் எதிர்கொண்ட முதல் சிக்கல், மண்ணிலிருந்து மேலேறும் ஓதம்.

நிலமும் நீரும்

டெல்டாவின் வயல் மண்ணில் பெரும்பகுதி கனத்த களி. மண்ணியலார் களத்தூர்த் தொடர் என வகைப்படுத்தும் மண் கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். நீர் பட்டதும் உப்பி வெடிப்பை மூடிக்கொள்ளும். இத்தகைய களியில் உள்ள மாண்ட்மோரில்லோனைட் வகைக் கனிமம் தன் அடுக்குகளுக்கிடையே நீரை இழுத்துக்கொள்வதே இதற்குக் காரணம். 1934-இல் மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்ட பின், ஜூன் 12-ஐ ஒட்டி அணை திறப்பது வழக்கமாயிற்று. நீர் வரத்து நன்றாக உள்ள ஆண்டுகளில் அதன் பின் வாய்க்கால்களில் நீர் ஓடும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை சேரும். எனவே வீட்டுக்கடியில் உள்ள மண் ஆண்டில் பாதி நாள் நனைந்தும் பாதி நாள் காய்ந்தும் கிடக்கிறது.

மண் எந்த அளவுக்கு உப்பும் என்பதை அறிய இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 2720, பகுதி 40 ஓர் எளிய சோதனையை வகுத்துள்ளது. சலித்து உலர்த்திய மண்ணில் 10 கிராம் வீதம் இரண்டு கண்ணாடி அளவைக் குழல்களில் இட்டு, ஒன்றில் தண்ணீரும் மற்றொன்றில் மண்ணெண்ணெயும் ஊற்றி 24 மணி நேரம் விட்டுவிட வேண்டும். மண்ணெண்ணெயில் களி உப்பாது. இரு குழல்களிலும் உள்ள மண்ணின் கன அளவு வேறுபாட்டைக் கொண்டு உப்பும் அளவு கணக்கிடப்படும்.

இத்தகைய மண்ணில் சுவரைக் காக்க ரூர்க்கியிலுள்ள மத்திய கட்டட ஆய்வு நிறுவனம் 1950-களில் அடிப்பகுதி குமிழ் போல் பருத்த தூண் அடித்தளத்தை உருவாக்கியது. பருவம் மாறும்போது ஏற்படும் மண் அசைவு ஏறத்தாழ 3.5 மீட்டர் ஆழத்துக்குக் கீழே மிகக் குறைவு என்பதே இம்முறையின் கணக்கு. ஆனால் இது தாங்குவது சுவரையும் கூரையையும்தான். தரை வழக்கமாகச் சுவர்களுக்கிடையே நிரப்பிய மண்ணின் மேல் தனியாக உட்கார்ந்திருக்கும். சுவர் நின்ற இடத்தில் நிற்க, தரை மட்டும் தாழ்வதும் நடுவில் எழும்புவதும் இதனால்தான்.

சிமெண்டுக்கு முன்

டெல்டாவில் கல்மலை இல்லை. கருங்கல் வெளியிலிருந்து வர வேண்டும். எனவே சாதாரண வீடுகளில் மண்ணைத் திமிசுக் கட்டையால் இடித்துச் சாணி மெழுகிய தரையும், வசதியானவர் வீடுகளில் செங்கல் அல்லது தட்டோடு பாவிய தரையும், அவற்றின் மேல் சுண்ணாம்புக் காரையும் வழங்கின. செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்த தளம் மொட்டை மாடிக்கு மட்டுமன்றித் தரைக்கும் பயன்பட்டது. கடற்கரை ஊர்களில் கிளிஞ்சல் சுண்ணாம்பு கிடைத்தது.

இவ்வகைத் தரைகள் ஓதத்தைத் தடுக்கவில்லை. கீழிருந்து ஏறும் ஈரம் அவற்றின் வழியே வெளியேறிக் காற்றில் கலந்தது. மெழுகிய தரையில் விரிசல் விட்டால் அடுத்த மெழுகலில் அடைபடும். அசையும் மண்ணுக்கு இந்த இளக்கம் பொருந்தியது. ஆயினும் எலிப் பொந்து, கரையான், ஓயாத மெழுகு வேலை ஆகியவை அதன் குறைகள். மெழுகும் வேலை முழுவதும் பெண்கள் தலையில் விழுந்தது.

சிமெண்டின் வருகை

1824-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை பெற்ற போர்ட்லண்ட் சிமெண்டு, இந்தியாவுக்கு முதலில் மரப் பீப்பாய்களில் இறக்குமதியாயிற்று. 1904-இல் சென்னையில் கடற்சிப்பியைக் கொண்டு சிமெண்டு தயாரிக்க எடுத்த முயற்சி நிலைக்கவில்லை. 1914-இல் போர்பந்தர் ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. தமிழகத்தில் 1934-இல் மதுக்கரையிலும், டெல்டாவுக்கு அருகே கல்லக்குடியில் 1939-இலும் ஆலைகள் எழுந்தன. 1979-இல் அரியலூரில் அரசு ஆலை வந்தது. சுண்ணாம்புக்கல் வளம் மிக்க அரியலூர்ப் பகுதி கொள்ளிடத்துக்கு வடக்கே சற்றுத் தொலைவில்தான் இருக்கிறது. சிமெண்டும் கொள்ளிடத்து மணலும் அருகிலேயே கிடைத்ததால் டெல்டாவில் சிமெண்டுத் தரை விரைந்து பரவியது.

செந்தரை

20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அக்ரகார வீடுகளிலும் மிராசுதார் வீடுகளிலும் கூடம், ரேழி, திண்ணை எங்கும் இடம்பிடித்தது செந்தரை. சிமெண்டில் இரும்பு ஆக்சைடு நிறமி சேர்ப்பதால் வரும் சிவப்பு இது. ஓரத்தில் கறுப்புக் கரை ஓடவிடுவது வழக்கம். சிமெண்டின் காரத்தன்மைக்கு ஈடுகொடுத்து வெளுக்காமல் நிற்பதால் இரும்பு ஆக்சைடு இதற்கு ஏற்றதாயிற்று. நிறமி சிமெண்டின் எடையில் 10 சதவீதத்தைத் தாண்டினால் மேற்பூச்சு வலுவிழக்கும்.

செய்முறை: மணல் நிரப்பித் தண்ணீர் விட்டுத் திமிசு போட்ட பின் ஜல்லித் தளம் இடப்படும். அதன் மேல் சிமெண்டுக் கலவை, அது முழுதும் இறுகுவதற்குள் நிறமி கலந்த மெல்லிய மேற்பூச்சு. ஓர் அறைக்குத் தேவையான நிறமியையும் சிமெண்டையும் ஒரே தடவையாகச் சலித்துக் கலந்துவிடுவர். இரண்டாம் தடவை கலந்தால் நிறம் ஒத்துப்போகாது. மணியாசுக் கட்டையால் மட்டம் பிடித்து, பெருவிரலால் அழுத்தினால் இலேசாகத் தடம் பதியும் பக்குவத்தில் கொத்தனார் பலகை மேல் குந்தி இரும்புக் கரணையால் தேய்க்கத் தொடங்குவார். பக்குவம் முந்தினால் தண்ணீர் மேலே வந்து பூச்சு பிறகு பொடிப்பொடியாக உதிரும். பிந்தினால் கரணைக் கோடு விழும். தேய்த்து முடிந்த மறுநாள் பாத்தி கட்டிக் குறைந்தது ஒரு வாரம் நீர் நிறுத்த வேண்டும். பின்னர்த் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துணியால் தேய்ப்பதும், நாளாக நாளாகக் காலடி பட்டு மெருகேறுவதும் தொடரும்.

நிறமில்லாத சாம்பல் நிறத் தரைக்கு இந்தியன் பேட்டண்ட் ஸ்டோன், சுருக்கமாக ஐ.பி.எஸ். என்ற பெயர் பொறியாளரிடையே நிலைத்தது. 1970-இல் வெளியான ஐ.எஸ். 2571 இடத்திலேயே இடும் காங்கிரீட் தரைக்கு விதிமுறை வகுத்தது. மேலே தேய்க்கும் சிமெண்டுப் பாலுக்குச் சதுர மீட்டருக்கு 2.2 கிலோ சிமெண்டு என்பது மத்திய பொதுப்பணித் துறையின் கணக்கு. பெரிய கூடத்தை ஒரே பரப்பாக இடாமல் கண்ணாடிப் பட்டை வைத்துக் கட்டம் கட்டமாகப் பிரிப்பது விரிசலைக் கட்டுக்குள் வைக்க உதவியது. ஆனால் அடியில் களி அசைவதால் வரும் விரிசலை இது தடுக்காது.

டெல்டாவில் செந்தரையைக் கெடுத்தது பெரும்பாலும் உப்புப் பூத்தல். தரை வழியே ஏறும் நீர் சிமெண்டிலுள்ள கால்சியம் ஹைட்ராக்சைடையும் மண்ணிலுள்ள உப்பையும் கரைத்து மேலே கொணரும். நீர் ஆவியானதும் சிவப்பின் மேல் வெள்ளைப் படலம் தங்கும். நாகப்பட்டினம், வேதாரண்யம் போன்ற கடலோர ஊர்களில் நிலத்தடி நீரே உப்பாக இருப்பதால் இது கூடுதல்.

மொசைக்கும் மெருகு எந்திரமும்

சிமெண்டில் பளிங்குச் சில்லுகளைக் கலந்து இட்டு, இறுகிய பின் அரைத்து மெருகேற்றும் மொசைக், செந்தரைக்கு அடுத்து வந்தது. அதுவரை மெருகு கொத்தனாரின் கையிலும் நேரக் கணக்கிலும் இருந்தது. மொசைக் அதை மின் எந்திரத்துக்கு மாற்றியது. கார்போரண்டம் கற்களைக் கரடிலிருந்து நுண்ணியதாக, ஏறத்தாழ 60, 120, 320 என்ற வரிசையில் மாற்றி மாற்றித் தண்ணீர் விட்டு அரைப்பர். ஒவ்வொரு அரைப்புக்கும் இடையே சிமெண்டுப் பால் விட்டுச் சிறு துளைகளை அடைப்பர். கடைசியில் சதுர மீட்டருக்கு 33 கிராம் ஆக்சாலிக் அமிலத் தூளைத் தூவி நீர் தெளித்துத் தேய்த்தால் பளபளப்பு வரும். தடித்த தரை என்பதால் இது செந்தரையைவிட உழைத்தது. மங்கினால் மறுபடி மெருகேற்றலாம். செட்டிநாட்டின் ஆத்தங்குடிக் கல்லும் சிமெண்டுச் செய்பொருளே எனினும், அது கண்ணாடி மேல் வார்த்துத் தனித்தனிக் கல்லாகப் பாவப்படுவது.

தொகுப்பு வீடும் டைல்ஸும்

1980-களின் நடுவில் தொடங்கிய இந்திரா குடியிருப்புத் திட்டமும், 2010-இல் குடிசைகளைக் காங்கிரீட் வீடுகளாக்கத் தொடங்கிய கலைஞர் வீடு வழங்கும் திட்டமும் சிமெண்டுத் தரையை ஏழை விவசாயத் தொழிலாளர் குடும்பங்களுக்குக் கொண்டு சேர்த்தன. அதே காலத்தில் வசதியுள்ளோர் குஜராத்தின் மோர்பியிலிருந்து வந்த விட்ரிஃபைடு டைல்ஸுக்கு மாறினர். ஒரே நாளில் ஓர் அறை முடியும். பக்குவம் பார்க்க வேண்டியதில்லை. செந்தரை போடத் தெரிந்த கொத்தனார்களுக்கு வேலை குறைந்ததும், அடுத்த தலைமுறை அதைக் கற்காமல் விட்டதும் இதன் விளைவு.

வேதிப் பூச்சுகள்

2000-க்குப் பின் கட்டடக் கலைஞர்களின் விருப்பத்தால் செந்தரையும் ஐ.பி.எஸ். தரையும் புதுச்சேரி, ஆரோவில், சென்னை வீடுகள் வழியே மீண்டும் மதிப்புப் பெற்றன. கூடவே 1990-களில் ஐரோப்பாவில் வளர்ந்த வைர மெருகு முறையும் வந்தது. இதில் வைரத் துகள் பதித்த தட்டுகளால் காங்கிரீட்டை அரைத்து, சோடியம் அல்லது லித்தியம் சிலிக்கேட் கரைசலை ஊறவிடுவர். கரைசல் காங்கிரீட்டிலுள்ள சுண்ணாம்போடு வினைபுரிந்து துளைகளில் கெட்டிப் பொருளை உண்டாக்கும். மேலே படலம் ஏதும் உருவாகாததால் ஓதம் வெளியேற வழி இருக்கும்.

எபாக்சி அவ்வாறன்று, தரை மேல் மூடி போல் படியும். அடியில் ஈரம் இருந்தால் பூச்சு கொப்புளம் விட்டு உரியும். எனவே காங்கிரீட் இட்டு 28 நாள் ஆன பிறகே பூச வேண்டும் என்றும், ஈரம் 4 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்றும், தரையின் வெப்பம் பனி படியும் நிலையைவிட 3 பாகை செல்சியஸாவது கூடுதலாக இருக்க வேண்டும் என்றும் தயாரிப்பாளர்கள் நிபந்தனை விதிப்பது வழக்கம். டெல்டாவில் மழைக் காலம் முழுவதும் இவற்றை நிறைவேற்றுவது கடினம்.

தரை வேர்ப்பதைப் பார்த்து மட்டும் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று சொல்ல முடியாது. 45 செ.மீ. சதுரப் பாலித்தீன் தாளின் நான்கு விளிம்பையும் பட்டையால் ஒட்டி 16 மணி நேரம் விட்டால் விடை கிடைக்கும். தாளுக்கு அடியில் துளி நின்றாலோ காங்கிரீட் கறுத்தாலோ ஈரம் கீழிருந்து ஏறுகிறது. தாளின் மேல் மட்டும் துளி நின்றால் அது காற்றின் ஈரம். காற்றோட்டம் தந்தால் போதும்.

தொழிலாளர் நலம்

ஈரச் சிமெண்டிலுள்ள காரமும் குரோமியமும் கையைப் புண்ணாக்கும்; செந்தரை தேய்ப்போரின் விரல் நுனியில் தோல் உரிவதுண்டு. உலர்ந்த காங்கிரீட்டை அரைக்கும்போது எழும் சிலிக்காத் தூள் நுரையீரலைத் தழும்பாக்கும் சிலிக்கோசிஸ் நோய்க்குக் காரணம். நீர் விட்டு அரைப்பதும், தூசியை உறிஞ்சும் எந்திரமும் முகக் கவசமும் பயன்படுத்துவதும் இதைத் தடுக்கும்.

மதிப்பீடு

மெழுகிய மண்ணிலிருந்து எபாக்சி வரை தரையின் மேற்பரப்பு படிப்படியாக நீர்புகாததாகவும் பழுதுபார்க்கக் கடினமானதாகவும் மாறியுள்ளது. அதற்கேற்ப அடியில் செய்ய வேண்டிய வேலை கூடியிருக்கிறது: களியைத் தோண்டி எடுத்து மணலிடுதல், தளத்தின் கீழ்ப் பாலித்தீன் விரித்தல், சுவரில் ஓதத்தடை இடுதல், தெரு மட்டத்தைவிட வீட்டைப் போதிய அளவு உயர்த்துதல், சுற்றிலும் நீர் தேங்காமல் வடித்தல். முடிந்த தரையில் கண்ணுக்குத் தெரியாத இவ்வேலைகளே செலவைக் குறைக்க முதலில் விடப்படுகின்றன. டெல்டாவில் தரையின் ஆயுளை முதன்மையாகத் தீர்மானிப்பவையும் இவையே. பூச்சின் வகை அதற்கு அடுத்ததுதான்.