கார்ட்டிசோலும் மூளையும்

கார்ட்டிசோல் என்பது மன அழுத்தத்தின்போது சிறுநீரகங்களின் மேலுள்ள அண்ணீரகச் சுரப்பிகளில் மிகுதியாகச் சுரக்கும் இயக்குநீர் (ஹார்மோன்) ஆகும். இது குருதியில் சர்க்கரையைக் கூட்டி உடலை ஆயத்தப்படுத்துகிறது. ஆபத்து நீங்கியதும் மூளை இச்சுரப்பைத் தணிக்கிறது.

அழுத்தம் நீடித்தால் மூளையின் அமைப்பே மாறக்கூடும். பெங்களூரில் சுமந்திரா சட்டர்ஜி குழுவினர் எலிகளில் நடத்தி 2002இல் வெளியிட்ட ஆய்வின்படி, நினைவுக்குரிய ஹிப்போகாம்பஸ் பகுதியில் நரம்பணுக் கிளைகள் சுருங்கின; அச்சத்துக்குரிய அமிக்டலாவில் அவை பெருகின.

மூளை வளர்ந்துவரும் குழந்தைப் பருவத்திலும் பதின்ம வயதிலும் இத்தாக்கம் ஆழமாகப் பதியலாம். முதுமையில், உயர்ந்த சுரப்பு தணியக் கூடுதல் நேரம் ஆகலாம்.

பிறரது ஆதரவு அழுத்தத்தைக் குறைக்க உதவும். சென்னையில் 1986இல் லட்சுமி விஜயகுமார் நிறுவிய சினேகா என்னும் தற்கொலைத் தடுப்பு அமைப்பில், தேர்வுத் தோல்வியால் துவளும் மாணவர் உள்ளிட்டோருக்குத் தன்னார்வலர்கள் செவிகொடுக்கின்றனர். இவ்வமைப்பு இராஜா அண்ணாமலைபுரத்தில் இயங்குகிறது.